நிற்கும் வண்டியில் குடியேறும் எலி

ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு வஸ்து ஓடாமல் நிற்கத் தொடங்கிவிட்டால், உடையவர் அதைக் கார் என்று அழைத்தாலும் டிராக்டர் என்று அழைத்தாலும், சுற்றுப்புறத்து ஜீவராசிகளுக்கு அது வெறும் இடமாகிவிடுகிறது. மழை படாத கூரையும், காற்று புகாத சுவரும், பஞ்சு வைத்துத் தைத்த மெத்தையும், இருள் அடைந்த மூலைகளும், யாரும் வந்து தொந்தரவு செய்யாத நிசப்தமும் ஒருங்கே வாய்த்த இடம். இப்படி நிற்கும் வண்டிகள் நம் ஊர்களில் வரவரப் பெருகி வருகின்றன. வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால் வேண்டியிருக்கும் என்று வாங்கி நிறுத்திய கார் ஒன்று. கண் மங்கியதால் ஓட்டுவதை விட்ட பெரியவர், விற்க மனம் வராமல் போர்ட்டிகோவில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் கார் மற்றொன்று. சம்பா அறுவடை முடிந்ததும் தகரக் கொட்டகைக்குள் தள்ளப்பட்டு, அடுத்த அறுவடை வரையில் அசையாமல் கிடக்கும் நெல் அறுக்கும் மிஷின் வேறொன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் தேசம் முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்து, தினந்தோறும் ஓடிய வண்டிகள்கூட வாரக் கணக்கில் நின்றபோது, எலி கடித்த ஒயர் என்பது அதுவரை அதை அறியாத வீடுகளிலும் பேச்சாயிற்று.

எலியை வண்டிக்குள் அழைத்து வருவது எது என்று கேட்டால், ஒயரின் ருசி என்பார் சிலர், எஞ்சினின் வெதுவெதுப்பு என்பார் வேறு சிலர். நாள்தோறும் ஓடி இரவில் சூட்டோடு வந்து நிற்கும் வண்டிக்கு அந்த இரண்டாவது காரணம் ஓரளவு பொருந்தும். மாதக் கணக்கில் ஓடாத வண்டியில் சூடு ஏது? அங்கே எலியை இழுப்பது பிரதானமாக அந்த நிசப்தமே என்பது என் அபிப்பிராயம். ஒரு ஜந்து குட்டி போட இடம் தேடும்போது அது பார்ப்பது, இங்கே இருபது முப்பது நாள் யாரும் வராமல் இருப்பார்களா என்ற ஒன்றைத்தான். கடைகளில் விற்கும் பரிகாரங்கள் பலவும் ஏன் பலிக்காமல் போகின்றன என்பதும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும்.

வண்டிக்குள் நுழைபவற்றுள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. கூடு கட்டிக் குடும்பம் நடத்துவதில் முதன்மையானது சுண்டெலி. இருபது கிராம் எடையை அரிதாகவே தாண்டும் இப்பிராணி, பென்சில் கனமுள்ள இடைவெளியாகிய 6 மில்லிமீட்டர் சந்து கிடைத்தால் போதும், உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். தண்ணீருக்காக வெளியே அலைய வேண்டிய நிர்ப்பந்தமும் அதற்குப் பெரும்பாலும் இல்லை. தின்னும் தானியத்தில் உள்ள ஈரமே அனேகமாகப் போதுமானது. இரை தேடும் எல்லையும் கூட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே காரும், அதன் பக்கத்தில் ஒரு அரிசி மூட்டையோ நாய்க்கு வைத்த சோறோ இருந்துவிட்டால் அதற்கு வேறு உலகமே வேண்டியதில்லை. கர்ப்பகாலம் மூன்று வாரத்துக்குள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அக்குட்டிகள் ஏறக்குறைய ஆறு வாரத்தில் தாமும் இனப்பெருக்கத்துக்குத் தயார். விடுமுறை முடிந்து ஜனவரியில் கிளம்பிப் போன பிள்ளை ஜூலையில் திரும்பி வருவதற்குள் எத்தனை தலைமுறை கடந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வீட்டெலி இதைவிடப் பெரியது. மரம் ஏறும், கம்பி மீது நடக்கும், மாமரக் கிளை போர்ட்டிகோவின் மேல் சாய்ந்திருந்தால் அதன் வழியாகவே இறங்கி வரும். அதற்கு 12 மில்லிமீட்டர் சந்து போதும். பெருச்சாளி உடம்பால் பருத்தது ஆகையால் கார் உள்ளே குடியிருப்பது அபூர்வம். ஆனாலும் அடியிலிருந்து எட்டிக் கடித்துவிட்டுப் போவதில் அதற்கு நிகர் இல்லை. மூஞ்சூறு என்ற ஏழைப் பிராணியையும் இந்தக் குற்றப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது எலி வர்க்கத்தையே சேர்ந்ததன்று. கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்று பிழைப்பது. ஒயர் அறுப்பதற்கான உளிப்பல் அதற்குக் கிடையாது. அதன் துர்நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அதைச் சும்மா விட்டுவிடுவதே நியாயம்.

நிறுத்தி வைத்த காருக்குள் எலி எப்படிப் போகிறது என்று வியப்பவர்கள், காரின் கதவையும் கண்ணாடியையும் மட்டுமே பார்க்கிறார்கள். அடியிலிருந்து பார்த்தால் அது ஓட்டைகளின் தொகுதி. டயரே அதற்கு ஏணி. டயரில் ஏறி, சக்கரத்தின் அச்சைப் பிடித்து, எஞ்சின் இருக்கும் அறைக்குள் வந்துவிட்ட எலிக்கு, பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கம்பளம் போன்ற விரிப்பு ஒரு நெசவுச்சாலைக்கு வேண்டிய மூலப்பொருள் அளவுக்குக் கிடைக்கிறது. அதைப் பிய்த்து எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலோ, ஏர் கிளீனர் பெட்டிக்குள்ளேயோ கூடு கட்டும். அதைவிட உத்தமமான வாசஸ்தலம் ஒன்று உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் பள்ளத்தில், ஏசிக்கு வெளிக்காற்று போவதற்கென்று ஒரு வாய் இருக்கிறது. அதற்குள் புகுந்தால், டேஷ்போர்டின் இடதுபக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரும், அதை அடுத்த விசிறிக் கூடும் கிடைக்கும். காகித மடிப்புகளால் ஆன அந்த ஃபில்டர், படுக்கையும் சுவருமாக ஒரே சமயத்தில் உதவுகிறது. பல மாதம் கழித்து வண்டியைக் கிளப்பி ஏசியைப் போட்டதும் கடகடவென்று சப்தமும், முகத்தில் வந்து மோதும் மூத்திர நெடியும் எழுந்தால், குடித்தனம் அங்கேதான் நடந்திருக்கிறது என்று அறியலாம். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், ஸீட்டின் அடிப்பஞ்சு, தலைக்கு மேலே கூரைத் துணிக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள வெளி, இவையும் அதன் விருப்பத்துக்குரிய இடங்களே.

எலியின் பல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். அதைப் பற்றிய தப்பெண்ணமே பல வீண் செலவுகளுக்குக் காரணமாயிருக்கிறது. எலி வர்க்கத்தின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வீட்டெலிக்கும் அதன் இனத்துக்கும் அவை தேயாமலே விடப்பட்டால் ஓர் ஆண்டில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டுவிடும். பல்லின் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான மேற்பூச்சு உண்டு. அதில் இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் வயது வந்த எலியின் பல் மஞ்சளும் செம்மையுமான நிறத்தில் தெரிகிறது. பின்பக்கம் மென்மையானது, சீக்கிரம் தேயும். ஆகவே கடிக்கக் கடிக்கப் பல் மழுங்காமல், தானே சாணை பிடித்துக்கொள்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கிறது. உதட்டின் உட்சதையை அந்த இடத்தில் மடித்து வாயை அடைத்துக்கொண்டு, தொண்டைக்குள் ஒரு துணுக்கும் போகாமல் எலியால் கடித்துத் துப்ப முடியும். ஒயரைக் கடிக்கும் எலி அதைத் தின்கிறது என்று சொல்வதற்கில்லை என்பது இதனால் தெளிவாகும்.

அமெரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன் இதைப் பற்றி வழக்கே நடந்தது. புதிய கார்களில் ஒயரின் மேலுறை சோயா மொச்சையிலிருந்து எடுத்த பொருளால் செய்யப்படுவதால்தான் எலிகள் மொய்க்கின்றன என்று உரிமையாளர்கள் டொயோட்டா, ஹோண்டா முதலிய கம்பெனிகள் மீது குற்றம் சாட்டினார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் சோயா என்ற பேச்சே எழாத காலத்திலும், வெறும் ரப்பரும் பிளாஸ்டிக்குமாக இருந்த ஒயர்களை எலிகள் கடித்தே வந்திருக்கின்றன. வீட்டுச் சுவரில் ஓடும் மின்கம்பியையும், தோட்டத்தில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாயையும் அவை விட்டுவைப்பதில்லை. மாறியது எலியின் நாக்கு அன்று, வண்டியின் வயிறு. அம்பாசிடர் காரில் ஒயர் கடிபட்டால் ஒரு விளக்கு எரியாது, அல்லது ஹார்ன் அடிக்காது. ரோட்டோர மெக்கானிக் ஒருவர் அரை மணியில் முடிச்சுப் போட்டுத் தீர்த்துவிடுவார். இன்றைய காரிலோ ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஒயர், மூலைக்கு மூலை உணர்விகள், அவற்றை ஆளும் கணினிகள். அவற்றுள் தலைமுடி போன்ற ஓர் இழை அறுந்தாலும் எஞ்சின் எழுந்திருக்க மறுக்கும். இது போதாதென்று எலியின் மூத்திரம் இணைப்புகளில் ஊறி உலோகத்தை அரிக்கிறது. பெட்ரோல் ரப்பர்க் குழாயில் பல் பட்டிருந்தாலோ, புகைபோக்கியின் மேல் வைக்கோலால் கட்டிய கூடு இருந்தாலோ, வண்டியைக் கிளப்பிய சில நிமிஷங்களில் தீயே பிடிக்கலாம்.

இனி ஜனங்கள் கையாளும் உபாயங்களைப் பார்ப்போம். பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் வழக்கம். அந்த வாடை இரண்டு வாரம் நிற்கலாம். அதற்குப் பின் அது வெறும் சருகு. பாச்சை உருண்டை சம்பந்தமாக நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன்: காருக்குள் அதைப் போடாதீர்கள். அடைத்த அறையில் அதன் ஆவி மனிதருக்கே தீங்கு. ஒருவகை ரத்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கவல்லது. பிளக்கில் செருகினால் நம் காதுக்குக் கேளாத ஒலியெழுப்பி எலியை விரட்டும் என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றி, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, விஞ்ஞான ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று கண்டித்தது. அவ்வொலி ஒரு தடுப்பைத் தாண்டிப் போகாது; தாண்டினாலும் எலிக்கு அது சில நாளில் பழகிவிடுகிறது. ஹோண்டா கம்பெனி மிளகாயின் காரச் சத்தை ஊட்டிய நாடா ஒன்றை ஒயரில் சுற்றுவதற்கென்று விற்கிறது. அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. பறவைகளுக்கு உறைக்காத அந்தக் காரம் எலிக்கு நமக்குப் போலவே உறைக்கும். ஆனால் அது சுற்றிய ஒயரைக் காக்குமேயொழிய, ஸீட்டுக்குள் நடக்கும் பிரசவத்தைத் தடுக்காது.

விஷம் வைப்பது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. இப்போது கிடைக்கும் எலிமருந்துகளில் பல, தின்றவுடனே கொல்வதில்லை. ரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்து, நாலைந்து நாள் கழித்தே உயிரைப் போக்குகின்றன. அதற்குள் எலி தன் கூட்டுக்குத் திரும்பிவிடும்; கூடு இருப்பதோ உங்கள் டேஷ்போர்டுக்குள். விஷம் தின்ற எலியைத் தின்ற கூகையும் சாகும். வயல் எலிகளைப் பிடிக்கட்டும் என்று டெல்டா விவசாயிகள் இரவில் வந்து உட்காரக் கழி நட்டு வரவேற்கும் பறவை அது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ மனிதரின் கல்லீரலை அழிப்பது. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதற்கு இடமே இருக்கக்கூடாது. பசை அட்டையில் எலி நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டு துடிப்பதை இந்திய விலங்கு நல வாரியமே ஆட்சேபித்திருக்கிறது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? நிசப்தத்தைக் கலைப்பதுதான் முதற்காரியம். வாரத்துக்கு ஒரு முறையேனும் யாராவது வந்து பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, கதவுகளைத் திறந்து மூடி, முடிந்தால் வண்டியைத் தெருக்கோடி வரையில் ஓட்டிவந்து வேறு நிலையில் நிறுத்துவாரானால், கூடு கட்டத் தொடங்கிய எலியும் வேலையைப் பாதியில் விட்டுவிடும். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். ஒயரிங் முழுவதையும் மாற்றுவதற்கு ஆகும் செலவை ஒருமுறை விசாரித்துப் பார்த்தால் அந்தத் தயக்கம் தானே விலகும். கொட்டகை பத்திரமான இடத்தில் இருந்தால் பானெட்டைத் திறந்தபடியே விட்டுவைப்பதும் நல்லது; மேலே கூரை இல்லாத இடத்தை எலி வீடாகக் கருதுவதில்லை.

இரண்டாவது, நிறுத்துமுன் வண்டியைப் பட்டினி போடுவது. குழந்தைகள் சிந்திய பிஸ்கெட் தூள், கோயில் பிரசாதப் பொட்டலம், காகிதக் கைக்குட்டைப் பெட்டி, பழைய துணி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்; உணவில்லாவிட்டாலும் காகிதமும் துணியும் கூட்டுக்கு உதவும். ஏசியின் வெளிக்காற்று வாயை அடைத்து, உட்காற்றையே சுழலவிடும் நிலையில் வைத்துவிட்டு எஞ்சினை அணைத்தால், பல கார்களில் அந்த முக்கியமான வழி மூடிக்கொள்ளும். வைப்பர் பள்ளத்தில் உள்ள வாய்க்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள கம்பிவலை வைக்கலாம். புகைபோக்கிக் குழாயில் இரும்பு நார் அடைப்பவர்கள், ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது உத்தமம். அடைத்ததை மறந்து வண்டியைக் கிளப்புபவர்கள் உண்டு. கொட்டகையில் விறகு, தென்னமட்டை, சாக்கு இவற்றை வண்டியை ஒட்டிச் சேர்த்து வைக்கலாகாது.

பொறி வைப்பதானால் வண்டிக்குள் வேண்டாம். கொட்டகைச் சுவரோரமாக வையுங்கள். எலி திறந்த வெளியின் நடுவே நடப்பதில்லை, சுவரை உரசிக்கொண்டே போகும். மசால் வடையும் கருவாடும் வேர்க்கடலையும் பிரசித்தமான இரைகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுண்டெலி புதுப் பொருளைக் கண்டால் வேடிக்கை பார்க்க வரும். ஆகையால் அதற்கு வைத்த பொறியை அடிக்கடி இடம் மாற்றலாம். வீட்டெலியோ புதியதைக் கண்டு பல நாள் ஒதுங்கி நிற்கும். அதற்குப் பொறியை விசையேற்றாமல் சில நாள் இரையோடு வைத்துப் பழக்கிய பிறகே விசையேற்ற வேண்டும். மூங்கிலை வளைத்து நாணேற்றி வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியைக் கையாளும் டெல்டா எலிபிடிக்காரர்களைக் கேட்டால் இதற்குமேலும் சொல்வார்கள்.

அந்த டெல்டாவிலே நெல் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர்களுடைய கஷ்டம் தனி. தை, மாசியில் அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால், வரப்பு வளைகளில் வாழும் எலிகளுக்கு இரை குறைகிறது. அதே சமயத்தில்தான் மிஷின் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. அதன் நெல் தொட்டியிலும், நெல்லை மேலே ஏற்றும் குழாயின் அடியிலும், கதிரடிக்கும் உருளையின் இடுக்குகளிலும் படி கணக்கில் நெல்லும் வைக்கோலும் தங்கியிருக்கும். அன்னமும் படுக்கையும் ஒரே இடத்தில். கொட்டகையில் ஏற்றுமுன் மிஷினை வெறுமனே சிறிது நேரம் ஓட்டி, அடிக்கதவுகளையெல்லாம் திறந்து, காற்றடித்து, கடைசி மணி வரையில் வெளியேற்றுவது அரை நாள் வேலை. கூலி கொடுத்தாவது அதைச் செய்பவர்களுக்குக் குறுவை அறுவடையின்போது பெல்ட்டும் ஒயரும் முழுதாக இருக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையையும் மீறிக் கூடு அமைந்துவிட்டால், அதைச் சுத்தம் செய்யும் வேளையில்தான் வண்டியைவிட மனிதருக்கு அபாயம் அதிகம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்மேற்கு மாகாணங்களில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சடைத்து இறக்கத் தொடங்கியபோது, காரணம் மான்நிறச் சுண்டெலி ஒன்றின் எச்சத்திலிருந்து தூசியோடு பறக்கும் ஹன்டா வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். அந்நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிழைப்பதில்லை. பனிக்காலம் முழுவதும் வண்டியை மூடி வைக்கும் தேசமாகையால், எலி குடியிருந்த வாகனத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் தனியாகவே விதிமுறை எழுதியிருக்கிறது. நம் ஊருக்கும் அந்த வைரஸ் வம்சத்துக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. 1964-ல் வேலூர்த் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூற்றிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ், அந்த ஊரின் பெயராலேயே வழங்குகிறது. கொரியாவில் ஹன்டான் வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கும் முன்பே பிடிபட்ட ஹன்டா வம்சத்து வைரஸ் அது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. அது மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. நாம் உள்ளபடி அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. எலி மூத்திரத்தில் வெளிப்படும் அக்கிருமி, ஈரம் இருக்கும் வரையில் உயிரோடிருந்து, கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் உடம்பில் ஏறும். எலிக் கூட்டைக் கிளறிய சில நாட்களில் காய்ச்சலும், கெண்டைக்கால் சதையில் வலியும், கண் சிவப்பும் கண்டால், டாக்டரிடம் போனவுடன் அந்தக் கூட்டின் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே விளக்குமாறு, வாக்குவம், காற்றடிக்கும் குழாய் மூன்றும் கூடாது. மூன்றும் தூசியைக் கிளப்புபவை. வண்டியைத் தள்ளி வெயிலில் நிறுத்தி, பாட்டரி இணைப்பைக் கழற்றி, கதவு, டிக்கி, பானெட் எல்லாவற்றையும் திறந்து அரை மணி காற்றாட விடுங்கள். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டையும் புழுக்கைகளையும் நன்றாக நனைத்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத்தால் அள்ளி இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். ஒயர் இணைப்புகளிலும் ஸீட் துணியிலும் பிளீச்சிங் படாமல், சாதாரணக் கிருமிநாசினியால் துடைப்பது நலம். ஏசி ஃபில்டரைக் கழுவிப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம், புதிதாகவே மாற்றுங்கள். மூத்திரக் கறை போகச் சோப்பு நீரால் துடைப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் ஓர் எலி விட்டுச் சென்ற வாடையைப் பிடித்துக்கொண்டே அடுத்தது அங்கு வந்து சேர்கிறது.

அறுந்த ஒயரை நாடா மட்டும் சுற்றி ஒட்ட வைப்பது மழைக்காலம் வரைக்கும் தாங்கும் காரியம். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழலால் மூடினால்தான் ஈரம் புகாது. மஞ்சள் உறைக்குள் ஓடும் ஏர்பேக் ஒயரில் மட்டும் தெரு மெக்கானிக்கைக் கை வைக்க விடாமல் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோங்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தச் செலவில் ஒரு காசும் பெயராது; முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களுக்கு எலிக்கடி சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். கடிபட்டது தெரிந்தும் வண்டியை ஓட்டி, அதனால் எஞ்சின் கெட்டுப்போனால் அந்த மிகுதிச் செலவைக் கம்பெனிக்காரர் ஏற்க மறுக்கலாம். எனவே பானெட்டைத் தூக்கிக் கூட்டைக் கண்டவர், சாவியைத் திருப்பிப் பார்க்காமல், கையுறையைத் தேடுவதற்கும் முன்பாக, கைப்பேசியை எடுத்துக் கூட்டையும் அறுந்த ஒயர்களையும் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிறகு தண்ணீர் கலக்கப் போகலாம்.